பத்துமலை வரை ஒரே கியர்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் பத்துமலைக்கு வரும் பாதை பெரும்பாலும் சமவெளிதான். கடலோரத்தை விட்டு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் உள்ளே வந்த பிறகும் நிலம் சில பத்து மீட்டர்தான் உயர்ந்திருக்கும். அந்தச் சமவெளியின் விளிம்பில் நிற்கிறது பத்துமலைச் சுண்ணாம்புக் குன்று. அதைத் தாண்டிச் சுங்கை துவா சாலையில் பத்து அணைக்கட்டைக் கடந்து உலு யாம் பக்கம் போனாலும், கோம்பாக் பழைய சாலையில் கெந்திங் செம்பாவை நோக்கித் திரும்பினாலும், தித்திவங்சா மலைத்தொடரின் ஏற்றம் தொடங்கிவிடும். கெந்திங் உச்சி ஏறத்தாழ 1,700 மீட்டர். இந்த மலைச்சாலைகளில் இன்று ஏறும் சைக்கிள்கள் பலவற்றில் கியர் மாற்றும் கம்பியே கிடையாது. விரல் பட்டதும் சின்ன மோட்டார் ஒன்று செயினை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளிவிடும். அப்படிப்பட்ட உயர்தரத் தொகுதி ஒன்றின் விலைக்குப் புதிய மோட்டார்சைக்கிளே வாங்கிவிடலாம். இது அறிவுள்ள செலவா, வீண் மோகமா என்று ஓட்டுகிறவர்கள் இரண்டு கட்சியாக நின்று வாதாடுகிறார்கள். இரண்டு கட்சியும் பொருளை மட்டுமே பார்க்கின்றன என்பது என் கருத்து. ஒரு புதிய இயந்திர அமைப்பின் மதிப்பைத் தீர்மானிப்பவை அது ஓடும் நிலம், அது சுமக்கும் பாரம், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கை ஆகிய மூன்றும்தான். கிள்ளான் பள்ளத்தாக்கின் சைக்கிள் வரலாறு இதற்கு வேறெந்த ஊரையும்விடத் தெளிவான சாட்சி சொல்கிறது.

முதலில் ஆர்வலர் கட்சிக்குச் சேரவேண்டிய நியாயத்தைச் சேர்த்துவிடலாம். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை சைக்கிள் சக்கரத்தில் இருந்தது கெட்டி ரப்பர். காற்று நிரப்பிய குழாய் முள் குத்தினால் என்னவாகும், இத்தனை பருமனான டயர் எப்படி வேகமாக உருளும் என்று கேட்டவர்கள் முட்டாள்கள் அல்லர். அன்றைய அறிவுக்கு அவை சரியான கேள்விகளே. 1889இல் வில்லியம் ஹியூம் அந்த டயரைப் பூட்டிப் பந்தயங்களில் வெல்லத் தொடங்கினார். சில ஆண்டுகளில் கெட்டி டயர் சந்தையைவிட்டே போனது. விலை உயர்ந்த ஒரு புதுமை, சந்தேகப்பட்டவர்களை முழுமையாகத் தோற்கடித்த தருணம் அது. அந்த வெற்றியின் விளைவு எங்கோ ஐரோப்பாவில் முடிந்துவிடவில்லை. டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்குப் பால்மரம் வேண்டும். 1895 அளவில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் காஜாங் அருகே இன்ச் கென்னத் தோட்டத்தில் பால்மரம் நட்டார்கள். அடுத்த ஆண்டு மலாக்காவில் டான் சாய் யான் நட்டார். 1903இல் கிள்ளானை ஒட்டிப் புக்கிட் ராஜா ரப்பர் கம்பெனி உருவானது. 1910இல் ரப்பர் விலை வானத்தைத் தொட்டபோது, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டிக் கப்பலேற்றிய வேகமும் அதற்கேற்பக் கூடியது.

இதைச் சற்றுத் திருத்தியும் சொல்லவேண்டும். ரப்பருக்கு முன்பே இங்கே தமிழர் இருந்தார்கள். காப்பித் தோட்டம், சாலை வேலை, 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் இடையே ஓடத் தொடங்கிய ரயில் எல்லாம் அவர்களைக் கொண்டுவந்திருந்தன. தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியில் பத்துமலைக் குகையில் முருகன் வழிபாடு நிலைபெற்று, 1892இல் முதல் தைப்பூசம் நடந்தபோது டன்லப்பின் டயருக்கு நான்கே வயது. ரப்பர் சந்தையைப் பின்னாளில் ஊதிப் பெருக்கியது சைக்கிளைவிட மோட்டார் கார்தான். ஆனாலும் கதவைத் திறந்தது சைக்கிள் டயர். பத்துமலைக்குத் தைப்பூசத்தில் திரளும் கூட்டத்தில் பெரும்பகுதி இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்த வழியில், சைக்கிளுக்கு வந்த ஒரு விலையுயர்ந்த புதுமைக்கு நேரடிப் பங்குண்டு. புதுமை என்றாலே முகம் சுளிக்கிறவர்களோடு என்னால் சேர முடியாமல் போவது இதனால்தான்.

டயர் வென்ற அதே பத்தாண்டில் இன்னொரு புதுமை தோற்றது. ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் மான்செஸ்டரில் வடிவமைத்த உருளைச் செயினும், 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளும் சேர்ந்துதான் இன்றுவரை நமக்குத் தெரிந்த சைக்கிளின் உருவம் வந்தது. செயினில் அழுக்குப் படியும், வேட்டியும் பாவாடையும் சிக்கும், அடிக்கடி எண்ணெய் விடவேண்டும். இந்தக் குறைகளைப் போக்கவே 1890களின் இறுதியில் செயினில்லாத சைக்கிள் வந்தது. பெடலின் சுழற்சியைச் சாய்வுப் பற்களும் மூடிய தண்டும் பின் சக்கரத்துக்குக் கடத்தின. அமெரிக்காவில் போப் கம்பெனி தன் கொலம்பியா மாடலைப் பெரும் விளம்பரத்தோடு இறக்கியது. பார்வைக்கு அழகான பொறி அது. ஆனால் எடை கூடுதல், விலை கூடுதல், பற்கள் மயிரிழை பிசகாமல் பொருந்தவேண்டும். பிசகினால் சாதாரணக் கடையில் ஒன்றும் செய்ய முடியாது. அறுந்த செயினையோ ஒரு சுத்தியலும் சிறு ஆணியும் வைத்துக்கொண்டு சாலையோரத்திலேயே ஒட்டிவிடலாம். காற்றடைத்த டயரும் பழுதாகக் கூடியதுதான். ஆனால் பஞ்சர் ஒட்ட ஒரு துண்டு ரப்பரும் பசையும் போதும், அந்த வேலையை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். ஒன்று வென்றதும் மற்றொன்று தோற்றதும் புத்திசாலித்தனத்தின் அளவால் அல்ல. கெட்டுப்போன பிறகு என்ன நடக்கும் என்ற கேள்விக்கு ஒன்றிடம் பதில் இருந்தது, மற்றொன்றிடம் இல்லை.

பல கியர்களின் கதை இதைவிடச் சிக்கலானது. இங்கே தோற்றவர்கள் சந்தேகக் கட்சியினர். 1902, 1903 வாக்கில் நாட்டிங்ஹாமில் ராலி கம்பெனியின் ஃபிராங்க் பௌடன் பின்சக்கரக் குடத்துக்குள்ளேயே மூன்று வேகம் வைக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் அமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பிரான்சில் பால் தெ விவி என்பவர் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வழிகளைத் தேடி வாழ்நாளையே செலவழித்தார். ஆனால் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி தெக்ரான்ஞ், கியர் மாற்றுவது வயதானவர்களுக்கான சலுகை, வெற்றி தசையால் வரவேண்டும் என்ற கொள்கையைப் பல ஆண்டுகள் பிடிவாதமாகக் காத்தார். அவருடைய பந்தயத்தில் கியர் மாற்றியை அனுமதித்தது 1937இல்தான். இந்தக் கொள்கை ஏன் தவறு என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். முன்னே 46 பல், பின்னே 19 பல், 28 அங்குலச் சக்கரம் கொண்ட பழைய சைக்கிள், பெடல் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 5.4 மீட்டர் போகும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்துப் பத்து சதவீத ஏற்றத்தில் ஏறினால், ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் 420 வாட்டுக்கு மேல் திறன் வேண்டும். அதைத் தாங்கி ஏறக்கூடியவர்கள் உலகத்தரப் போட்டியாளர்களில் சிலர்தான். மெதுவாக மிதிக்கலாமே என்றால் திறன் குறையும். பெடலில் அழுத்தவேண்டிய பாரம் குறையாது, முழங்கால்தான் பதில் சொல்லவேண்டும். முன்னும் பின்னும் 34 பல் கொண்ட இன்றைய சைக்கிளில் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர், அதே மிதியில் 165 வாட் போதும். பயிற்சியுள்ள சாதாரண மனிதர் தாங்குவார். மலைக்குக் கியர் ஆடம்பரம் அல்ல. பத்துமலையைத் தாண்டி உலு யாம் ஏறுகிறவரிடம் தெக்ரான்ஞின் கொள்கையைச் சொல்வது அநியாயம்.

அப்படியானால் மலாயாவில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கியர்தான் இருந்தது என்பது அறியாமையா, வறுமையா? வறுமை ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் அது மட்டும் அல்ல. ராலி, ஹம்பர், ரட்ஜ், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று இங்கிலாந்திலிருந்து இறங்கிய வண்டிகளும், முப்பதுகளில் அவற்றைவிட மலிவாக வந்து குவிந்த ஜப்பான் வண்டிகளும் ஓடியது சமவெளியில். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலிருந்து அலுவலகம் போன யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாவுக்கும், செந்தூல் பட்டறைக்குப் போன தொழிலாளிக்கும் ஏறவேண்டிய மலை எதுவும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது பாரம் தாங்கும் கரியர், வளையாத ரிம், மழைச்சேற்றில் செயினைக் காக்கும் உறை. பால்காரர் இரண்டு பக்கமும் தகரக் கேனைத் தொங்கவிட்டார். ரொட்டிக்காரர் பின்னால் பெட்டி கட்டினார். தோட்டத்தில் காண்டாக் கம்பில் தோளேறிய ரப்பர்ப்பால் வாளி, வசதி வந்த இடத்தில் சைக்கிளுக்கு ஏறியது. இவ்வளவு பாரத்தோடு ஓடும் வண்டியில் நுணுக்கமான பொறி எதுவும் நிலைத்திருக்காது. எந்தச் சிற்றூரிலும் சீனர் ஒருவர் நடத்தும் சைக்கிள் கடை இருக்கும். அங்கே ஃப்ரீவீலைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி மாட்டத் தெரிந்த பையன் ஒருவன் இருப்பான். ஒரே கியரை இந்த மக்கள் தேர்ந்தது தங்கள் நிலத்தையும் பாரத்தையும் கடைத்தெருவையும் சரியாக அளந்ததன் முடிவு என்றே நான் படிக்கிறேன்.

அந்த ஒரே கியர் வண்டி எவ்வளவு பெரிய பொருளாக இருந்தது என்பதை 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் காட்டுகிறது. தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம், தோட்டத் தொழிலாளரைத் திரட்டிக் கோரிக்கைகளை வைத்தது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கொடுமைக்காரக் கிராணிகளை நீக்குதல், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல், கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, முறையான மருத்துவம் ஆகியவற்றோடு இன்னொன்றும் அந்தப் பட்டியலில் இருந்தது: துரையோ அதிகாரியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும். கூலியோடும் மானத்தோடும் சமவரிசையில் சைக்கிளிலிருந்து இறங்காத உரிமையும் எழுதப்பட்டது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். தோட்டங்களிலிருந்து ஆட்கள் கிள்ளானை நோக்கித் திரண்டார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, படை வரவழைக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கியர் அமைப்பைப் பற்றிய கட்டுரையில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். நான் இதை முக்கியமாகவே கருதுகிறேன். லயத்துக்கும் வெளியுலகுக்கும் இடையிலிருந்த தூரத்தை ஒரு மனிதன் யாரையும் கேளாமல், தன் காலால், தான் நினைத்த நேரத்தில் கடக்க முடிந்தது என்பதே துரையின் கண்ணை உறுத்தியது. அதைச் சாதித்தது சைக்கிளின் மலிவும் எளிமையும். தோட்டக் கூலியில் சேர்த்து வாங்கக்கூடியதாகவும், கெட்டால் ஊரிலேயே சரிசெய்யக்கூடியதாகவும் இருந்ததால்தான் அது அத்தனை பேர் கைக்கும் வந்து, ஒரு கோரிக்கையாகும் அளவுக்குப் பொதுவானது. பல்சக்கரம் எத்தனை என்று பார்த்து மதிப்பிடுகிறவர்களுக்கு இந்த அளவுகோல் தெரிவதே இல்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. ஐம்பத்தைந்து நாளில் தீபகற்பம் முழுவதையும் கடந்து ஜொகூர் நீரிணையை அடைந்தது; இடையில் ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. காலாட்படை பெரும்பகுதி வந்தது சைக்கிளில். படையெடுப்பைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான சுஜி மசானொபு போருக்குப் பிறகு எழுதிய நூலில் இதன் இயந்திரப் பக்கத்தை விவரிக்கிறார். டிவிஷன் ஒன்றுக்குச் சுமார் 6,000 சைக்கிள். கம்பெனி ஒன்றுக்குக் குறைந்தது இரண்டு பழுதுபார்ப்பவர்கள். அவர்கள் கைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக இருபது வண்டிகள் வந்தன. வெயிலில் டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்த இரைச்சலைக் கேட்ட எதிர்ப்படை டாங்கிகள் வருவதாக நினைத்ததுண்டாம். இவ்வளவும் நடக்கக் காரணம், ஜப்பானிய வண்டிகள் ஏற்கெனவே மலாயாவில் விற்றிருந்தன; அவற்றுக்கு உகந்த உதிரிபாகம் ஊருக்கு ஊர் கிடைத்தது என்பதே. இந்தப் படையைப் போற்ற ஒன்றும் இல்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் சயாம் ரயில் பாதைக்கு அது ஓட்டிச் சென்ற பல்லாயிரம் தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. ஆனால் இயந்திரத்தைப் பற்றிய உண்மை அதனால் மாறாது. பொதுவான அளவு, எங்கும் கிடைக்கும் பாகம், எவரும் கற்கக்கூடிய பழுது ஆகியவை சேர்ந்தால் எளிய பொருள் எந்தத் தூரத்தையும் கடக்கும்.

ஏழைகள் புதுமைக்கு எதிரிகள், பழையதைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் என்று சொல்வதற்கும் இந்த ஊர் இடம் தரவில்லை. 1958இல் ஹோண்டா சூப்பர் கப் வெளிவந்தது. பினாங்கின் லோ பூன் சியூ அந்த நிறுவனத்தின் மோட்டார்சைக்கிள்களை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். கிளட்ச் பிடி இல்லாமல், சுழற்சி வேகத்தால் தானே பிடித்துக்கொள்ளும் கிளட்ச் அதில் இருந்தது. ஒரு கையில் சரக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டலாம். இதுவும் ஓர் இயக்க அமைப்பின் புதுமைதான்; விலையும் சைக்கிளைவிடப் பல மடங்கு. ஆனால் ரொட்டிக்காரரும் பேப்பர்காரரும் பால்காரரும் தயங்கவில்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கப்சாய் என்று இங்கே வழங்கும் அந்த வண்டிக்கு மாறினார்கள். அது அவர்கள் பாரத்தைச் சுமந்தது, அவர்கள் நேரத்தை மிச்சப்படுத்தியது, அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த கடை மூலைக்கு மூலை முளைத்தது. எழுபதுகளில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிளுக்கென்று தனித் தடமே போடவேண்டி வந்தது. மூன்று வேகக் குடத்தைப் பெரிதாக மதிக்காத அதே மக்கள்தான் தானியங்கிக் கிளட்சை இரு கையால் வரவேற்றார்கள். இரண்டு தீர்ப்பிலும் அளவுகோல் ஒன்றே.

இனி இன்றைய கியர்களுக்கு வரலாம். அந்தத் தொழிலின் தலைநகரங்களில் ஒன்று ஜப்பானின் சகாய்; கத்தியும் துப்பாக்கிக் குழலும் அடித்த கொல்லர்களின் ஊர். அங்கே 1921இல் ஷிமானோ ஷோசபுரோ தொடங்கிய பட்டறையின் முதல் சரக்கு ஃப்ரீவீல். 1964இல் சன்டூர் என்ற வேறொரு ஜப்பானிய நிறுவனம் சாய்ந்த இணைகரக் கியர் மாற்றியைக் கண்டுபிடித்தது. அதன் காப்புரிமை 1984இல் முடிந்தது. அதே ஆண்டு ஷிமானோ அந்த வடிவத்தை எடுத்து, நெம்புகோலை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் செயின் சரியான பல்சக்கரத்தில் போய் உட்காரும் அமைப்போடு இணைத்தது. முதலில் அது விலை உயர்ந்த டூரா ஏஸ் தொகுதியில் மட்டுமே வந்தது. காதால் கேட்டு, விரலால் உணர்ந்து கியர் மாற்றுவதே தேர்ச்சி என்று பெருமைப்பட்ட பழைய ஓட்டிகள் அதைச் சந்தேகித்தார்கள். பத்தாண்டுக்குள் பள்ளிப் பிள்ளையின் சைக்கிளிலும் அது வந்துவிட்டது. 1990ஐ ஒட்டி ஜொகூரின் பொந்தியானில் ஷிமானோ ஆலை அமைத்தது. உலகம் முழுக்க ஓடும் கோடிக்கணக்கான சைக்கிள்களின் கியர் மாற்றிகளில் மலேசியா என்று பொறித்திருப்பது அங்கிருந்துதான். இன்று ரவாங்கிலோ ஷா ஆலமிலோ ஒரு பெற்றோர் பிள்ளைக்கு வாங்கித்தரும் மலிவான சைக்கிள், 1984இல் பந்தய வீரர்களுக்கு மட்டும் எட்டிய வசதியைத் தருகிறது. ஆர்வலர்கள் சொல்லும் வலுவான வாதம் இதுதான்: இன்று பணக்காரர் வாங்காவிட்டால் நாளை எல்லாருக்கும் எப்படிக் கிடைக்கும்? இதற்கு மரியாதையான பதில் வேண்டும்.

என் பதில்: 1984இன் புதுமை கீழே இறங்கிவர முடிந்தது அதன் தன்மையால். அது கம்பி, வில், பல், திருகு; திறந்து பார்த்தால் புரிந்துவிடும், கடைக்காரர் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார், வேறு கம்பெனியும் பின்பற்றலாம். மோட்டாரால் மாறும் மின்கியரின் கதை வேறு. 1992இல் பிரான்சின் மாவிக் நிறுவனம் மின்கியரை இறக்கியது. மழையும் ஈரமும் அதற்கு ஆகவில்லை. 1999இல் கம்பியில்லா வடிவம் வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. 2009இல் ஷிமானோவின் டிஐ2 வந்த பிறகே அது நம்பகமான பொருளானது, 2015இல் ஸ்ராம் நிறுவனம் கம்பியில்லா அமைப்பைச் சந்தைப்படுத்தியது. இவை துல்லியமாக வேலை செய்கின்றன, சந்தேகமில்லை. ஆனால் கெட்டால் உள்ளே திறக்க முடியாது. முழு உறுப்பையும் மாற்றவேண்டும். மென்பொருள் அந்தந்த நிறுவனத்துடையது, மின்கலமும் அவர்களுடையதே. 2021இல் வந்த புதிய டூரா ஏஸ் கம்பியில் இயங்கும் வடிவத்தையே கைவிட்டது. 2022இல் ஷிமானோவின் நடுத்தரமான 105 தொகுதியும் முதலில் மின்கியராக மட்டுமே வந்தது. கம்பி வடிவம் அடுத்த ஆண்டுதான் திரும்பியது. இங்கே மேலிருந்து கீழே இறங்குவது வசதி மட்டும் அல்ல. பழுதுபார்க்கும் உரிமை கடைக்காரர் கையைவிட்டுப் போவதும் சேர்ந்தே இறங்குகிறது. என் சந்தேகம் புதுமையின்மேல் அல்ல, இந்தக் கட்டின்மேல்.

பெறும் ஆதாயத்தையும் அளந்து பார்க்கவேண்டும். 1999இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு செயின் ஓட்டத்தை அகச்சிவப்புக் கேமராவால் ஆராய்ந்தபோது, நல்ல நிலையில் அதன் செயல்திறன் 98.6 சதவீதம் வரை போனது. மிதிக்கும் நூறு வாட்டில் ஒன்றரை வாட்டுக்கும் குறைவாகவே வீணாகிறது. ரெனால்டின் 1880ஆம் ஆண்டுச் செயின் வழிவந்த பொருளில் மிச்சம் பிடிக்க இனி அதிகம் இல்லை. பின்னே பதினொரு பல்சக்கரத்திலிருந்து பன்னிரண்டுக்குப் போவது மலைக்குத் தேவையான சிறிய கியரைத் தருவதே இல்லை. அது ஏற்கெனவே இருந்தது. இடைவெளிதான் நெருங்குகிறது. போட்டிக்கு இதெல்லாம் வேண்டும் என்பவருக்கு ஒரு நினைவூட்டல்: மலேசியாவுக்கு 2017இல் கெய்ரின் தடப் பந்தய உலகப் பட்டமும், ரியோவிலும் தோக்கியோவிலும் ஒலிம்பிக் பதக்கங்களும் வாங்கித்தந்த அசிசுல்ஹஸ்னி அவாங் ஓட்டியது கியர் மாற்றியும் ஃப்ரீவீலும் இல்லாத வண்டி. மலையேற்றம் இல்லாத வட்டத் தடத்துக்கு அதுவே சரி. கெந்திங் ஏறும் பந்தய வீரருக்கு வேறு தேவை; ஒரு நொடி அவருக்குச் சம்பளம். ஆனால் சந்தையில் மின்கியர் வாங்குகிறவர்களில் அத்தகையவர் மிகச் சிலரே.

ஒரு எதிர்வாதத்துக்கு நான் முழுவதும் தலைவணங்குகிறேன். மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர், பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர், விபத்துக்குப் பிறகு மீண்டும் சாலைக்கு வர விரும்புகிறவர் ஆகியோருக்கு இலேசான ஒரு தொடுதலில் கியர் மாறுவது ஆடம்பரம் அல்ல. ஓட்டமுடியும், ஓட்டமுடியாது என்பதற்கு இடையிலான கோடு அது. பாரமும் கையும் அவர்களுக்கு வேறு. என் அளவுகோலே அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. என் காசு, என் விருப்பம் என்பவரோடும் எனக்கு வழக்கில்லை. அழகாகச் செய்யப்பட்ட பொருளை விரும்புவது குற்றமாகாது. வழக்கு வருவது அந்த விருப்பத்தை அறிவின் கட்டாயமாகக் காட்டும்போதும், அதற்காகச் சாதாரண வண்டியின் பாகங்கள் சந்தையிலிருந்து மறையும்போதும்தான்.

விலை கூடினால் வலிமை கூடும் என்ற நம்பிக்கையும் சோதனைக்கு நிற்கவில்லை. 2012 முதல் 2019 வரை உற்பத்தியான, ஒட்டிச் செய்யப்பட்ட உயர்தரக் கிராங்குகள் (பெடல் பூட்டும் தண்டுகள்) பிளவுபடுவதாக வந்த புகார்களால், 2023 செப்டம்பரில் ஷிமானோ பெரும் பரிசோதனையை அறிவித்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் சுமார் 7,60,000 கிராங்குகள். டூரா ஏஸ், அல்டெக்ரா வரிசைகளே அதில் சிக்கின, மலிவான வரிசை அல்ல. ஆனால் அதே 2023இல் அதே நிறுவனம் கியூஸ் என்ற வரிசையையும் கொண்டுவந்தது. கம்பியால் இயங்கும், தடித்த பற்கள், 9, 10, 11 வேக அமைப்புகளுக்குள் பெரும்பாலான பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும், தேய்மானம் குறைவு என்பதே அதன் விளம்பரம். எடை சற்றுக் கூடுதல், புகழ் குறைவு. என்னைக் கேட்டால் கடந்த பதினைந்து ஆண்டில் சைக்கிள் கியரில் வந்த முக்கியமான செய்தி இதுதான். கம்பியில்லா மோட்டாருக்குக் கிடைத்த ஆரவாரத்தில் பத்தில் ஒன்றுகூட இதற்குக் கிடைக்கவில்லை. கடைக்காரர் ஒருவர் மூன்று வகைச் சைக்கிளுக்கு ஒரே பெட்டிச் சரக்கை வைத்துச் சமாளிக்க முடியும் என்பது பொறியியலில் சின்னச் சாதனை அல்ல.

ஆகவே பத்துமலை அடிவாரத்தில் நின்று புது வண்டி வாங்க யோசிக்கிறவர் கேட்கவேண்டியவை சில நேரான கேள்விகள். நான் போகப்போவது உலு யாமுக்கா, கெந்திங்குக்கா, அல்லது செலாயாங்கிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வேலைக்கா? மலையென்றால் பின்சக்கரத்தில் 34 பல்லாவது இருக்கிறதா? பாரம் சுமக்கவேண்டுமென்றால் கரியர் பூட்ட இடம் உண்டா? பின் கியர் மாற்றி அடிபட்டால் அதை மட்டும் மாற்ற என்ன செலவு, இதே ஊரில் எத்தனை கடை அதைச் செய்யும்? எட்டு ஆண்டு கழித்து இதற்கு மின்கலம் கிடைக்கும் என்று எழுத்தில் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு இன்று எந்த விற்பனையாளரிடமும் நிறைவான பதிலை எதிர்பார்க்க முடியாது. பொந்தியானில் ஆலை இருக்கும் நாட்டில் அந்தப் பதிலைக் கேட்கும் உரிமை மற்ற நாட்டவரைவிட நமக்குக் கூடுதலாகவே உண்டு. சைக்கிள் சங்கங்களும் பயனீட்டாளர் அமைப்புகளும் பாகங்களுக்கான குறைந்தபட்ச ஆண்டு உத்தரவாதத்தை ஒரு கோரிக்கையாகவே வைக்கலாம்.